காவிரிப்பூம்பட்டினம் ஆற்றங்கரை மண்டபத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் படித்துறை வேலையை முடித்துவிட வேண்டும் என்று சித்திரை மாதக் கூட்டத்தில் பேசியிருந்தோம். அதன்படியே முடித்துவிட்டோம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். திறந்தாலும் அந்தத் தண்ணீர் நம் ஊருக்கு வந்து சேரப் பல நாள் ஆகும். அந்த இடைவெளியில்தான் அடிப்படிகளுக்குக் கல் பதித்தோம். மண்டபத்துப் பூச்சும் தளவரிசையும் உள்ளே மாட்டிய எட்டுக் கதைப் பலகைகளும் நிறைவாகி, ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் மண்டபம் திறக்கப்பட்டது.

வெளியூர்க்காரர்கள் பலர் கேட்பதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த மண்டபம் சங்க காலத்தது அல்ல, நம் தாத்தாக்கள் காலத்தில் எழுந்தது. அகழாய்வு நடந்த இடம் எதிலும் நம் ஆட்கள் கை வைக்கவில்லை. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் சங்கமத்தில் நீராட வருகிறவர்கள், தாங்கள் நிற்பது எந்த மண் என்று தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் இந்த வேலையை எடுத்தோம்.

பூச்சு வேலையில் நமக்கு ஒரு தவறு நேர்ந்தது. அவசரத்தில், பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூச ஒப்புக்கொண்டுவிட்டோம். ஒரே மாதத்தில் கீழ்ச்சுவர் முழுக்க உப்புப் பூத்து, தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்டது. அதைக் கொத்தி எடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. பிறகு வந்த கொத்தனார் சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரை ஊற்றிச் சாந்து புளிக்கவிட்டார். கரண்டியில் அள்ளித் தலைகீழாகப் பிடிப்பார். சாந்து விழுந்தால் மறுபடி அரைக்கச் சொல்லிவிடுவார். அந்தச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். கருங்கல் போலக் குளிர்ந்திருக்கிறது.

அதிக நேரம் பிடித்தது கல்லும் சாந்தும் அல்ல, பலகையில் என்ன எழுதுவது என்பதுதான். நம் ஊரைக் கடல்கொண்ட கதையை வரலாறாகவே எழுத வேண்டும் என்றார்கள் மூத்தவர்கள். தோண்டிக் கிடைத்ததை மட்டும் எழுதினால் போதும் என்றார்கள் இளையவர்கள். மூன்று கூட்டங்கள் இதிலேயே போயின. பலகையின் மேல்பாதியில் ஓவியத்தோடு கதை, கீழே காவி நிறப் பட்டையில் மண்ணிலிருந்து கிடைத்த சான்று என்று முடிவு செய்தோம். இந்தத் திருப்பணியில் குழு எடுத்த நல்ல முடிவு இதுதான் என்று மனதார நம்புகிறோம்.

முதல் பலகையில் காவிரி வருகிறாள். காந்தமன் என்ற சோழன் வேண்ட, அகத்தியர் தம் கரகத்தைக் கவிழ்த்தார். அதிலிருந்து புறப்பட்ட ஆறு கிழக்கே ஓடிவந்து, நாவல் மரத்தடியில் தவமிருந்த சம்பாபதித் தெய்வத்தின் முன் நின்றது. அதுவரை அவள் பெயரால் வழங்கிய ஊரை ஆற்றின் பெயராலும் அழைக்கலானார்கள். மணிமேகலைக் காப்பியத்தின் பதிகம், அதாவது முன்னுரைப் பாடல், சொல்லும் கதை இது. வந்தவளைச் சம்பாபதி "விளக்கே வா" என்று அழைக்கிறாள். தன் ஊருக்கு வேறொருத்தியின் பெயர் வருவதைத் தானே வாழ்த்தும் தெய்வத்தை வேறெங்கே பார்க்க முடியும்? அந்த இரு சொற்களையும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னோம். கீழ்ப்பட்டையில் கீழையூர்ப் படகுத்துறை: செங்கல் மேடையும் படகு கட்டிய மரத்தூண்களும். அந்த மரத்தின் வயது கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கரிமக் கணிப்பு சொல்கிறது.

இந்திர விழாப் பலகையும் உவவனம் என்ற பூஞ்சோலையின் பலகையும் நன்றாகவே வந்திருக்கின்றன, நேரில் பாருங்கள். மணிபல்லவத் தீவுப் பலகையில்தான் பிழை நேர்ந்தது. ஓவியர் காப்பிய நாயகி மணிமேகலையையும், அவளை அந்தத் தீவுக்குத் தூக்கிச் சென்ற மணிமேகலா தெய்வத்தையும் ஒருவராகவே வரைந்துவிட்டார். பள்ளிக்கூடத்து மாணவி ஒருத்தி சுட்டிக்காட்டிய பிறகுதான் நம் கண்ணில் பட்டது. அழித்து மறுபடி வரைந்தோம். அந்தத் தீவிலிருந்த புத்த பீடிகைக்காக, அதாவது புத்தரின் இருக்கைக்காக, இரண்டு நாக அரசர்கள் போரிட்டதும் புத்தர் வந்து தீர்த்துவைத்ததும் இலங்கையின் மகாவம்சத்திலும் உண்டு. கடலின் இரு கரையிலும் ஒரே கதையைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை அந்தப் பலகையின் ஓரத்தில் சேர்த்திருக்கிறோம்.

ஏழாவது பலகை, பௌத்தப் பள்ளியைப் பற்றியது. உறையூரைச் சேர்ந்த பௌத்தத் துறவி புத்ததத்தர் 5ஆம் நூற்றாண்டு வாக்கில் நம் ஊரில், கண்ஹதாசர் கட்டிய விகாரையில் தங்கி, அபிதம்மாவதாரம் என்ற பௌத்தத் தத்துவ நூலைப் பாலி மொழியில் எழுதினார். நூலின் முடிவில் இந்தப் பட்டினத்தின் மக்கள் கூட்டத்தையும் தெளிந்த ஆற்றுநீரையும் மாளிகைகளையும் அவரே புகழ்ந்திருக்கிறார். இலங்கையிலிருந்து திரும்பிய அவர் கப்பலும் இலங்கைக்குப் புறப்பட்ட பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் கப்பலும் நடுக்கடலில் சந்தித்தன என்று ஒரு மரபுக்கதை உண்டு. ஓவியர் மிக ஆசையாக வரைந்தது அந்த இரண்டு கப்பல்களைத்தான். கீழே, பல்லவனீச்சுரத்தில் 1960களில் தொல்லியல் துறை வெளிக்கொணர்ந்த விகாரை: செங்கல் அறைகள், சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்த பாதம், சிறிய புத்தர் வெண்கலம். புத்ததத்தர் தங்கிய விகாரை இதுதான் என்று எழுதச் சிலர் விரும்பினார்கள். அதற்குச் சான்று இல்லை, எழுதவில்லை.

கடைசிப் பலகையில் கடல். நாகநாட்டு இளவரசி பீலிவளை, சோழ அரசனுக்கு ஈன்ற மகனைக் கம்பளச் செட்டியின் கப்பலில் அனுப்ப, கப்பல் கரையருகே கவிழ்ந்தது. மகனைத் தேடித் தவித்த அரசன் இந்திர விழாவை மறந்தான், அதனால் வந்த சாபத்தில் கடல் ஊரைக் கொண்டது. கீழ்ப்பட்டையில், கடலோரத்தில் அலை வந்து போகும் இடத்தில் ஆய்வாளர்கள் கண்ட, சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறுகள். கிணறு வெட்டிக் குடியிருந்த தெருவில் இப்போது அலை அடிக்கிறது. 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்ததைப் பார்த்த நம் ஊராருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. சிமெண்ட் பூச்சால் வந்த நட்டத்தையும் மறைக்காமல் தனி வரியில் காட்டியிருக்கிறோம். பணமாகத் தர முடியாமல் தினமும் சிற்றாள் வேலைக்கு வந்து நின்றவர்களின் பெயர்களும் நன்கொடையாளர் பட்டியலிலேயே, அதே அளவு எழுத்தில் இருக்கின்றன.

இனிச் செய்ய வேண்டியவை. ஐப்பசி மழைக்கு முன் மேல்தள வடிகாலைத் தூர்வார வேண்டும். படித்துறையில் பாசி பிடித்தால் கம்பி பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டாம், தென்னந்துடைப்பமே போதும்.

ஆறாவது பலகையில், மணிமேகலையின் அள்ளக் குறையாத பாத்திரமான அமுதசுரபியில் ஆதிரை என்ற பெண் முதலாவதாகப் பிச்சையிடும் காட்சி இருக்கிறது. மண்டபத்துக்கு வரும் குழந்தைகள் எல்லோரும் அமுதசுரபியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அந்த இடத்தில் மட்டும் வண்ணம் மங்கிவிட்டது. கண்ணாடி போடலாமா என்று பேசி, வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை வைகாசி விசாகத்துக்கு முன் பாத்திரத்துக்கு மட்டும் புது வண்ணம் தீட்டித் தர ஓவியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கூலி வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்