ஆம் என்றோ இல்லை என்றோ எழுதிக் கொடுங்கள்

தோட்டத் தொழிலாளர்களின் சாதிச் சான்று விண்ணப்பங்களைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் விண்ணப்பம் எது, அது யார் மேசையில் கிடக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். எனக்குச் சான்று தாருங்கள். தர முடியாது என்றால், ஏன் முடியாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். 'விசாரணையில் இருக்கிறது' என்று மட்டும் இனியும் சொல்லாதீர்கள்.

2025 டிசம்பரில் நடந்த கேரளப் பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டு பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் ஆட்கள் கூடிப் பேசி என்னை நிற்கச் சொன்னார்கள். டெபாசிட் பணத்தையும் அவர்களே பத்தும் இருபதுமாகச் சேர்த்தார்கள். மனு தாக்கலின் கடைசி நாள் சாயங்காலம் வரை உங்கள் அலுவலக பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். சான்று வரவில்லை. சேர்த்த பணத்தை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன்.

நான் பதவி ஆசையில் வந்தவள் இல்லை. வீட்டுக்காரர் இறந்தபோது பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவள் அங்கன்வாடி. எஸ்டேட்டில் வேலை இருந்தால்தான் லயத்தில் வீடு. கருமாதி முடிந்த கையோடு படுதாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போய்விட்டேன். 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது மூணாறு ரோட்டை மறித்து உட்கார்ந்த பெண்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கு எங்கள் நாள் கூலி 232 ரூபாய். சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடாமல் நாங்களே பேசி அந்த 20 சதவீதத்தை வாங்கினோம். அதே நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் எங்களில் சிலர் நின்றார்கள், ஜெயிக்கவும் செய்தார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச நான் அந்த ரோட்டில்தான் கற்றுக்கொண்டேன். அப்புறம் லயத்தில் கூரை ஒழுகினாலும் பைப்பில் தண்ணீர் வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

நீங்கள் கேட்பது, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே என் முன்னோர் இங்கே இருந்தார்கள் என்பதற்கு ஆதாரம். எவை பட்டியல் சாதிகள் என்று ஜனாதிபதி உத்தரவு வந்த தேதி அது. விதியோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் எதை ஆதாரம் என்கிறீர்கள்? நிலப் பட்டயம், நில வரி (கரம்) கட்டிய ரசீது, பள்ளிக்கூட ரெக்கார்டு. எஸ்டேட்டில் பிறந்து எஸ்டேட்டிலேயே செத்தவர்களுக்கு ஏது நிலம்? இங்கே மலை முழுக்க கம்பெனி கையில், வீடும் கம்பெனி வீடு. விவரம் தெரிந்த வயதிலேயே கொழுந்துக்குப் போன என் பாட்டியின் பள்ளிக்கூட ரெக்கார்டுக்கு எங்கே போவேன்?

எஸ்டேட் ஆபீசில் பழைய செக்ரோல் புத்தகத்தை, அதாவது வேலைக்கு வந்த நாளும் கூலியும் எழுதும் பேரேட்டைத் தேடி எடுத்தோம். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. 1948-ஆம் வருஷத்துப் பக்கத்தில் பாட்டியின் பேரும் நம்பரும் இருந்தன. வேலைக்கு வந்த நாட்களுக்கு நேராகக் கோடு, கடைசிக் கட்டத்தில் பெருவிரல் ரேகை. அதை நகல் எடுத்து எஸ்டேட் முத்திரையோடு கொடுத்தேன். உங்கள் அலுவலர் புரட்டிப் பார்த்துவிட்டு 'இது போரா', அதாவது போதாது, என்று மலையாளத்தில் சொல்லித் திருப்பித் தந்தார். சாதி எழுதவில்லையாம், அப்பா பேரும் இல்லையாம். கூலிக்குக் கணக்கு எழுதியவர் அதையெல்லாம் எழுதாமல் போனதற்கு நான் என்ன செய்வேன்?

சரி, சாட்சியாவது கொண்டு வருகிறேன் என்றேன். எங்கள் லயத்தில் தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். சின்னப் பெண்ணாக என் பாட்டியோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர். எந்த ஊர், எந்தத் தெரு, ஆள் கூட்டி வந்த எந்தக் கங்காணியோடு யார் யார் வந்தார்கள் என்று இன்றைக்கும் தடுமாறாமல் சொல்வார். ஜீப் பிடித்து, பாதி வழியில் வாந்தி எடுத்த அவரை முகம் கழுவ வைத்துக் கூட்டி வந்தேன். காலையிலிருந்து மூன்று மணி வரை அந்தக் குளிரில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது, 'என்னம்மா, நான் சொல்ல வேண்டாமா?' என்று என்னிடம் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள்.

2021-இல் தேவிகுளத்தில் ஜெயித்த எம்.எல்.ஏ.வும் பட்டியல் சாதி இல்லை என்று வழக்கு வந்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அவர் வெற்றியைச் செல்லாது என்றது, 2025-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அவர் டெல்லி வரை போனார். கொழுந்து பறிக்கிறவள் எவ்வளவு தூரம் போவாள்? அதுவும் நீங்கள் மறுத்து ஒரு தாள் கொடுத்தால்தான் மேல்முறையீட்டுக்கே போக முடியும். அந்தத் தாளும் கிடையாது என்றால் நான் எந்தக் கதவைத் தட்டுவேன்?

தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி ஜீப்பும் தமிழ்ப் பாட்டுப் போட்டுக்கொண்டு லயத்துக்கு ஏறி வருகின்றன. எங்கள் வேட்பாளர் யார் என்பதை மட்டும் கீழே டவுனில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் ராத்திரியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். மழை பெய்யும் ஒவ்வொரு ராத்திரியும் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டைப் பார்த்துக்கொண்டுதான் படுக்கிறோம். அந்த மேட்டைப் பற்றிப் பஞ்சாயத்தில் எழுந்து கேட்க, அதன் கீழே படுக்கிறவள் ஒருத்தி வேண்டும். அதற்குத்தான் நிற்க நினைத்தேன்.

நடந்த தேர்தலை நீங்கள் திருப்பித் தர முடியாது, அதை நான் கேட்கவும் இல்லை. எஸ்டேட் செக்ரோலை ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டியை வீட்டுக்கே போய் விசாரித்து வாக்குமூலம் எழுதுங்கள், அவரை மறுபடி ஜீப்பில் ஏற்ற எனக்கு மனமில்லை. பிறகு ஆம் என்றோ இல்லை என்றோ முடிவை எழுதிக் கொடுங்கள். சின்னவளின் கல்லூரி விண்ணப்பமும் இதே சான்றுக்காகத்தான் காத்திருக்கிறது. தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியில் தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் தர வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. ஆகவே பதிலைத் தமிழில் அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூணாறு மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு தொழிலாளி