கோயில்பிள்ளைக்கு எது ஓய்வுநாள்? சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான நம் போதகர் ஐயர் அவர்களுக்கும் சபைக் காரியங்களை நடத்தும் சேகரக் கமிட்டி அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் ஐயர் ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். பக்கத்துத் தூணில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார் ஆலயத்து வேலையெல்லாம் பார்க்கும் நம் கோயில்பிள்ளை அண்ணன். விடியுமுன் வந்து பெருக்கி, பெஞ்சு துடைத்து, ஆராதனைக்கு மூன்று தடவையும் மணி அடித்தவர். மடியில் மல்லாந்து கிடந்த உள்ளங்கையில் மணிக்கயிறு உரசி உரசித் தோல் காய்த்துப்போயிருந்தது. காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் திடுக்கிட்டு எழுந்து பைகளை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆராதனைக்கு அப்புறம் ஞாயிறு பள்ளி, பெண்கள் சங்கம், சாயங்காலம் வாலிபர் கூட்டம், கடைசியாக உங்கள் கமிட்டி. அவர் கதவைப் பூட்டும்போது இரவு பத்து தாண்டிவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஒரு கல்யாணம். மறுபடியும் மணி.

ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்று நம் திருநெல்வேலிப் பக்கத்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1857-இல் நம் பக்கத்துக் கிறிஸ்தவர் சட்டாம்பிள்ளையும் அவரோடு சேர்ந்தவர்களும் மிஷனரிமாரை விட்டுப் பிரிந்து தனிச் சபை கண்டார்கள், சனிக்கிழமையை ஆசரித்தார்கள். அந்த வழக்குக்குள் நான் வரவில்லை. எந்தக் கிழமை என்பதைவிட, யார் ஓய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

வேதத்தில் யாத்திராகமம் 20-இல் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு. ஆறு நாளில் உண்டாக்கிய தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்தார். உபாகமம் 5-க்கு வந்தால் காரணம் மாறுகிறது: எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினை என்கிறது. அந்த எகிப்தில், ஆராதிக்கப் போக மூன்று நாள் கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்றான் பார்வோன். செங்கல் அறுக்கக் கொடுத்த வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. அங்கிருந்து மீண்டு வந்த ஜனத்துக்குத்தான் கர்த்தர், "நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் இளைப்பாறவேண்டும்" என்றார். எருதையும் கழுதையையும்கூட அவர் விடவில்லை. நம் கோயில்பிள்ளையை நாம் விட்டுவிட்டோம்.

இதை வாய்மொழியாகச் சொன்னபோது கமிட்டியில் ஒருவர் மத்தேயு 12-ஐக் காட்டினார். ஆசாரியர்கள் ஓய்வுநாளில் தேவாலயத்தில் வேலை செய்தும் குற்றமில்லாதவர்கள் என்று இயேசுவே சொல்லவில்லையா என்று கேட்டார். சரி, சொன்னார். ஆனால் அந்த ஆசாரியர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்றும் பாருங்கள். 1 நாளாகமம் 24-இன்படி அவர்கள் இருபத்துநாலு வகுப்பு. ஓய்வுநாளில் ஒரு வகுப்பு உள்ளே வரும், ஒரு வகுப்பு வெளியே போகும். முறை வைத்துச் செய்தார்கள். ஒரே ஆள் வருஷம் முழுக்க மணி அடிக்கவில்லை.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்தையும் சொல்லியாக வேண்டும். சனி ராத்திரி வெங்காயம் உரிக்க உட்காரும் அக்காமாரும் சித்திமாரும் ஞாயிறு மத்தியானம் பாத்திரம் கழுவித்தான் எழுந்திருக்கிறார்கள். ஆராதனையில் அப்பமும் ரசமும் எடுக்கும் திருவிருந்து நேரத்தில் அவர்களில் பாதிப்பேர் அடுப்படியில் நிற்கிறார்கள். பதினெட்டு வருஷம் கூனியாய்க் கிடந்த பெண்ணை ஓய்வுநாளில் நிமிர்த்திவிட்டவர் நம் ஆண்டவர். அந்த நாளிலேயே நாம் பெண்களைக் குனியவைப்பது எனக்கு வலிக்கிறது.

வேலை நின்றால் சபை நின்றுவிடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. எகிப்திலிருந்து வந்த ஜனத்துக்கு வனாந்தரத்திலும் அந்தப் பயம் இருந்தது. ஆறாம் நாளில், தேவன் அனுப்பிய ஆகாரமான மன்னா இரட்டிப்பாய்க் கிடைத்த பிறகும் சிலர் ஏழாம் நாளில் பொறுக்கப் போனார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. நம் கை ஓய்ந்திருக்கும்போதும் தேவன் நடத்துவார் என்று நம்புவதுதான் ஓய்வு. எபிரெயர் 4 சொல்லும் இளைப்பாறுதலும் விசுவாசித்தவர்களுக்கு உரியது.

ஆகவே கேட்கிறேன். கோயில்பிள்ளைக்கு வாரத்தில் ஒரு முழுநாள் லீவு, சம்பளம் பிடிக்காமல், எழுத்தில். அன்றைக்கு வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் முறை வைத்து மணி அடிக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஆராதனைக்கு மேல் எந்தக் கூட்டமும் வேண்டாம். அசனச் சமையலில் ஆண்களும் உட்காரட்டும், எல்லாரும் திருவிருந்து எடுத்த பிறகு அடுப்பு மூட்டலாம்.

அடுத்த கமிட்டியில் இதை எடுத்துப் பேசுங்கள். அன்றைக்கு அண்ணன் சாயங்காலமே வீட்டுக்குப் போகட்டும். கூட்டம் எத்தனை மணிக்கு முடிந்தாலும் இருந்து கதவைப் பூட்டிச் சாவியை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபைச் சகோதரி ஒருத்தி