ஏஎம் ஸ்டீரியோ: வானொலிப் பெட்டிக்கும் ஒரு தரநிலை வேண்டும்

அமெரிக்கத் தேசிய வானொலி அமைப்புகள் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் வகுத்த என்ஆர்எஸ்சி-1 தரநிலை, மத்திய அலை (ஏஎம்) நிலையங்கள் ஒலியை 10 கிலோஹெர்ட்சோடு நிறுத்தி, உயர் அதிர்வெண்களை 75 மைக்ரோநொடி வளைவு எனப்படும் உயர்த்தல் அளவின் திருத்திய வடிவில் தூக்கி அனுப்ப வேண்டும் என்கிறது. தூக்கியதை வானொலிப் பெட்டி அதே அளவுக்குத் தாழ்த்த வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆயினும் பெட்டி செய்வோருக்கு அது வெறும் பரிந்துரைதான். மூன்று, நான்கு கிலோஹெர்ட்சுக்கு மேல் எதையும் விடாத பெட்டிகள் சந்தையில் நிறைந்திருக்க, நிலையத்தில் எடுத்த அக்கறை நேயரின் காதுவரை வருவதில்லை.

இடம், வலம் என ஒலியை இரண்டாகப் பிரித்துத் தரும் ஏஎம் ஸ்டீரியோ தோற்றதற்கு, 1982இல் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஃபெடரல் தகவல்தொடர்பு ஆணையம் எந்த முறையையும் தேர்ந்தெடுக்காமல் முடிவைச் சந்தையிடம் விட்டதையே பலரும் காரணமாகச் சொல்வார்கள். மோட்டோரோலா, கான், ஹாரிஸ், மேக்னவாக்ஸ் ஆகியோரின் முறைகள் மோதிக்கொண்ட அந்த ஆண்டுகள் வீணானவை என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் 1993இல் மோட்டோரோலாவின் சி-குவாம் முறை தரநிலையான பிறகும் பெட்டியின் ஒலித்தரம் கட்டாயமாகாமலே போனது என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

சி-குவாமில் இடம், வலம் இரண்டின் கூட்டுத்தொகை அலையின் வீச்சில் செல்வதால் பழைய மோனோ பெட்டிகளுக்கு இடைஞ்சல் இல்லை. இரண்டின் வேறுபாடோ அலையின் கட்டத்தில் (அது சுழற்சியில் முந்துவது, பிந்துவதில்) ஒளிந்திருக்கிறது, 25 ஹெர்ட்ஸ் அடையாள ஒலி அதன் இருப்பைப் பெட்டிக்கு அறிவிக்கிறது. கட்டத்தைக் கெடுக்கும் எதுவும் ஸ்டீரியோவைக் கெடுக்கும். நிலையத்தின் ஆன்டெனா, சுமக்கும் அலையின் இருபுறமும் ஒலியைத் தாங்கும் இரு பக்கப்பட்டைகளையும் சமமாக விடாவிட்டாலும், பெட்டியின் வடிகட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும், இரவில் வானில் பட்டுத் திரும்பும் வான் அலையும் நிலத்தை ஒட்டி வரும் தரை அலையும் கலந்து மங்கினாலும் இசைக்கருவிகள் இடமும் வலமுமாக அலையும். (மோனோவில் இதே மங்கலை நேயர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள்.)

ஆகவே பெட்டிக்கெனத் தனியாக ஒரு தரநிலையை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒலி அதிர்வெண் எல்லை, திரிபு, இடவலப் பிரிவு ஆகியவற்றை அது அளவுகளோடு குறிப்பிட வேண்டும். அலை நலியும்போது ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்குச் சட்டென்று தாவாமல் படிப்படியாக இறங்கும் முறையையும் வரையறுக்க வேண்டும். தரமான ஏஎம் பெட்டிகளுக்குத் தரப்பட்ட 1990களின் ஆமாக்ஸ் சான்றிதழ் இவற்றில் சிலவற்றைத் தொட்டது, ஆனால் விருப்பமுள்ளோருக்கு மட்டுமே என்பதால் நிலைக்கவில்லை. மென்பொருளே வடிகட்டியாகவும் குறிவிலக்கியாகவும் செயல்படும் இன்றைய பெட்டிகளில் இதற்குத் தனிச் சில்லுகூடத் தேவையில்லை. தரநிலையைக் கட்டாயமாக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு பெட்டியின் ஏஎம் ஒலி எல்லையையும் அட்டையிலேயே அச்சிட வேண்டும் என்று ஆணையத்துக்குப் பரிந்துரைக்க உங்களால் முடியும்.

இப்படிக்கு,
ஒரு மத்திய அலை நேயர்