அந்தமானுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அந்தமான் சுற்றுலா நடத்தும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவருடைய குழுவோடு போர்ட் பிளேர் வந்திருந்தேன். செல்லுலார் சிறையைச் சுற்றிக்காட்டிய தம்பி நன்றாகத்தான் பேசினார். செக்கிழுத்தது, தூக்குமேடை எல்லாம் சொன்னார். கூட வந்த ஒரு பாட்டி, "பொம்பளைங்களையும் கொண்டுவந்தாங்களாப்பா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லம்மா" என்றவர் அடுத்த பக்கம் நடந்துவிட்டார்.

அந்தக் கட்டடத்தில் இல்லை, சரி. ஆனால் 1906-ல் அது கட்டி முடிவதற்கு முப்பது நாற்பது வருடம் முன்பே, தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடந்த தீவுக்கு நாடுகடத்தும் தண்டனை பெற்ற பெண்கள் அங்கே வந்து இறங்கிவிட்டார்கள். போர்ட் பிளேரிலேயே சவுத் பாயிண்ட் என்ற இடத்தில் அவர்களுக்குத் தனிச் சிறையே இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாததல்ல. அவர்களைப் பற்றியும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அவர்களில் பலர் பெற்ற சிசுவைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர்கள். விதவை கர்ப்பமானால் ஊர் அவளை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாதா? தகப்பன் யார் என்று தேட யார் மெனக்கெட்டார்கள்?

அப்புறம் அந்தக் கல்யாணம். ஆண் கைதிகளைக் குடும்பமாக உட்காரவைத்தால் அடங்கி நடப்பார்கள் என்பது அரசாங்கத்தின் கணக்கு. வெளியே குடியிருந்து பிழைக்க அனுமதி பெற்றவன் பெண் பார்க்கச் சிறைக்கு வருவான். பெண்கள் வரிசையாக நிற்க வேண்டும். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய் ஒருத்தியைக் காட்டுவான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. சொன்னால் அந்த மதிலுக்குள்ளேயே கிடக்க வேண்டும். இதற்குப் பெயர் சம்மதமா?

எங்கே போனாலும் இதே கதைதான். கோட்டைக்குப் போனால் ராஜா, சிறைக்குப் போனால் தியாகி. கொலைக் கைதி, அதுவும் பெண் என்றால் யாரும் வாயே திறப்பதில்லை. தியாகிகளைக் குறைத்துச் சொல்லச் சொல்லவில்லை. அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டு நானும் கண் கலங்கினேன். ஆனால் அந்தப் பெண்களின் வம்சம் இன்றும் 'லோக்கல் பார்ன்' (அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்) என்று அங்கேயே வாழ்கிறதே. அவர்கள் காதுபடவா "அதெல்லாம் இல்லை" என்பது?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பத்து நிமிடம்தான். அடுத்த சீசனுக்குள் வழிகாட்டிகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுங்கள். சவுத் பாயிண்ட் பக்கம் வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி, பெண் கைதிகளைப் பற்றியும் தயவுசெய்து பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு பயணம் வந்த ஒருத்தி