புகையிலை வெட்டும் பிள்ளையின் சோதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் பத்தாம், பதினோராம் தரத்தோடு படிப்பை விடுவதற்குக் கைத்தொலைபேசிதான் காரணம் என்று போன கிழமை இந்தப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். இருக்கலாம். ஆனால் மாசி, பங்குனியில் முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுப் பக்கம் வந்தாரென்றால் இன்னொரு காரணம் தோட்டங்களில் இடுப்பளவு உயரத்துக்கு நிற்பதைக் காண்பார். நானும் நட்டிருக்கிறேன். ஆகையால் பிறத்தியாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

புகையிலை ஆள் கேட்கிற பயிர். கன்று வைத்த நாள் தொட்டு இறைப்பு, பசளை, பிறகு நுனி கிள்ளல். கிள்ளினதும் பக்கமுளை வெடிக்கும். அதைத் திரும்பத் திரும்பக் கன்று கன்றாகக் குனிந்து முறிக்க வேண்டும். எனக்கு ஐயாயிரம் கன்று. எல்லாவற்றுக்கும் கூலி கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது, வீட்டுப் பிள்ளையைத்தான் கூப்பிடுவோம். "வயிற்றுக்குத்து" என்று வகுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

பதினோராம் தரத்துப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சை முன்பு டிசெம்பரில் வரும். வெட்டுக்கு முன்னமே பிள்ளை எழுதி முடித்துவிடும். கொரோனாவுக்குப் பிறகு திகதிகள் குழம்பி, 2025இல் மார்ச் 17 முதல் 26 வரை நடந்தது. எங்களுக்கு அது வெட்டுக் காலம். வியாபாரியிடம் முற்பணம் வாங்கியாயிற்று, அவருடைய லொறி வருகிற நாள்தான் எங்களுக்கு நாள்.

சோதனைக்கு முந்தின கிழமை, விடியப்புறம் பனி ஈரத்தோடு இலை சுமந்த மகன் தலை சுற்றுது என்று வரம்பில் குந்திவிட்டான். வெறும் வயிறாக்கும் என்று தேத்தண்ணி கொடுத்தேன். அதையும் சத்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் தாதி கேட்ட முதல் கேள்வி: "தம்பி புகையிலைக்குள்ளை நிண்டவரோ?" ஈர இலையிலிருந்து நிக்கொட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறுமாம். மீள்குடியேறி வந்த காலம் தொட்டு இதைச் செய்கிறேன், ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. பாடசாலைக்கு வந்து பேசுகிறவர்களும் பிடிக்காதே, சப்பாதே என்பார்களே தவிர, வெட்டுகிற பிள்ளையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இலையின் பிசின் தேசிக்காய் போட்டு உரஞ்சினாலும் லேசில் போகாது. மகனுடைய கடந்தகால வினாத்தாள் புத்தகத்தில் கேத்திரகணிதப் பக்கம் வரை கறுப்புப் பெருவிரல் அடையாளம் இருக்கிறது. அதற்குப் பிறகு பக்கங்கள் வெள்ளை. கணிதம் தவறிவிட்டது.

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதாகாதவருக்கு ஒரு சுருட்டு விற்றாலும் கடைக்காரருக்குக் குற்றம். 2016இலிருந்து 16 வயது வரை படிப்பும் கட்டாயம். அதே பிள்ளை இலை வெட்டினால் கேட்க ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் வெட்டுக்கூலியைக் கையில் கண்டவன், தவணை தொடங்கியும் போகவில்லை. அவனுக்குக் கைத்தொலைபேசியும் அந்தக் காசில்தான் வந்தது. கடிதம் எழுதியவர் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இதைச் சொல்கிற எனக்கும் வெட்கம்தான். மூத்தவளைக் கம்பஸுக்கு அனுப்பியது இந்தப் புகையிலைக் காசு. கச்சான் (நிலக்கடலை) போட்டுப் பார்த்தேன். பன்றி கிண்டியது போக மிச்சத்தைக் குரங்கு பிடுங்கியது. புகையிலையை மாடுகூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். இதை விடு என்று சொல்ல வருகிற அதிகாரிகள் வேலிக்கும் கச்சான் விலைக்கும் ஒரு வழியோடு வரட்டும். அதுவரை வலயக் கல்வி அலுவலகம் வெட்டு மாதங்களில் பத்தாம், பதினோராம் தர வரவு இடாப்பைப் புரட்டிப் பார்த்தாலே போதும், எந்தெந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று தெரிந்துவிடும். என் வீட்டுக்கும் வரட்டும்.

மகன் கணிதத்தைத் திரும்ப எழுதப் போகிறான். போன ஞாயிறு வியாபாரி முற்பணத்தோடு வந்தார். வெட்டுகிற திகதியை இந்த முறை நான்தான் சொல்வேன் என்றேன். "யோசிச்சுச் சொல்லுறன் அக்கா" என்று காசைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டு போனவர், இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
தோட்டம் செய்யும் ஒரு தாய்,
விசுவமடு.