கடப்பாரை கேட்ட தோட்டக்காரர்

கன்னங்குறிச்சி, சேலம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஏற்காட்டு வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். சின்னவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது.

தோட்டம் போட யாரை வைப்பது என்று கேட்டிருந்தாய். சரி, சூடுபட்டவனிடம்தான் கேட்டிருக்கிறாய்.

மூன்று வருடத்துக்கு முன் நான் பிடித்த ஆள் படம் காட்டியே மயக்கிவிட்டான். கம்ப்யூட்டரில் வரைந்த படத்தில் என் வீடு சிங்கப்பூர் மாதிரி இருந்தது. காலையில் அளவெடுத்தான், மறுநாளே கொட்டேஷன். ஒரே வாரத்தில் புல்தரை, ஓரமாக இட்லிப்பூ வரிசை, வாசலில் ஹைட்ரேஞ்சியா. ஆமாம், உங்கள் ஊரில் பந்து பந்தாகப் பூத்துக் கிடக்குமே, அதேதான். சித்திரை வெயிலில் அது வெந்த கீரையாகத் தொங்கிப்போனது. இட்லிப்பூ சாகவில்லை, இலையெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக, வலை பின்னியதுபோல் நின்றது. உரம் போடச் சொன்னான், போட்டேன். அப்புறம் அவன் போனையே எடுக்கவில்லை.

புல் ஏன் திட்டுத்திட்டாகக் காய்கிறது என்று ஒரு நாள் நானே தோண்டினேன். நாலு விரல் செம்மண்ணுக்குக் கீழே வீடு கட்டிய மிச்சம் மொத்தமும் கிடக்கிறது: உடைந்த செங்கல், இறுகிய சிமெண்ட் கலவை, பெயிண்ட் டப்பா மூடிகூட!

இப்போது பார்த்துக்கொள்பவர் முதல் நாள் படம் எதுவும் கொண்டுவரவில்லை. கடப்பாரையும் ஒரு குடம் தண்ணீரும் கேட்டார். முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, தண்ணீரை ஊற்றிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தார். எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்கிறாராம். போர் குழாயின் வாயில் படிந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிவிட்டு, "இந்தத் தண்ணிக்கு இட்லிப்பூ வராதுங்க" என்றார். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைச் சோதிக்கக் கொடுத்தோம். பி.எச்., அதாவது மண்ணின் அமில-கார அளவு, 8.4. காரம் ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாதாம். இப்போது அதே இடத்தில் அரளியும் காகிதப்பூவும் கேட்பாரில்லாமல் பூக்கின்றன.

உன் கதை நேர் எதிர். 1,500 மீட்டர் உயரம், காப்பி விளையும் அமில மண். அங்கே ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதே அதனால்தான், கார மண்ணில் இளஞ்சிவப்பாகிவிடும். ஆகவே மண்ணை விட்டுத்தள்ளு, உனக்குச் சரிவுதான் பிரச்சினை. வருகிற ஆளிடம், ஐப்பசி மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேள். கல்லால் தடுப்புச்சுவர் கட்டலாம் என்பான். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற எங்கே துளை விடுவாய் என்று கேள். முழித்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. காட்டெருமை பற்றியும் கேட்டுப் பார். சிரிக்கிறவன் மலையில் வேலை செய்தவன் இல்லை.

அவன் போட்ட பழைய தோட்டம் ஒன்றைப் போய்ப் பார், மூன்று மழை பார்த்ததாக இருக்கட்டும். புதிதாக நட்டால் எல்லாத் தோட்டமும் அழகுதான். அவனைக் கூட்டிப் போகாதே. வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசு. செத்த செடிக்கு யார் காசு கொடுத்தது என்பதை மறக்காமல் விசாரி.

கொட்டேஷனில் 'லேண்ட்ஸ்கேப்பிங்' என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தால் கையெழுத்துப் போடாதே. எத்தனை செடி, எத்தனை அடி உயரம், குழி எவ்வளவு ஆழம், எத்தனை லோடு மண் எல்லாம் தனித்தனியாக வேண்டும். பணத்தில் கொஞ்சத்தை அடுத்த மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வை. என் இரண்டாவது ஆள் இதற்கு முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கையே வந்தது.

அந்த ஹைட்ரேஞ்சியாக்களில் ஒன்று மட்டும் கிணற்றடி நிழலில், தொட்டியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதுவரை பூத்ததில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வரும்போது மடியில் வைத்து மலையேற்றுகிறேன். உன் வாசலில் ஒரு இடம் விட்டு வை.

அன்புடன்,
உன் கன்னங்குறிச்சிக்காரன்