பேத்தி இல்லாத பாட்டி எழுதுவது

அன்புள்ள சாந்தி,

உன் மடல் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம், அது பாதிப் பொய். நீ கடைசிப் பத்தியில் கேட்டிருந்த கேள்விதான் காரணம்.

"புகலிடம் கேட்ட அந்தப் பிலோவீலா தமிழ்க் குடும்பம்தான் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதே, ஆஸ்திரேலியத் தடுப்பு முகாம்களிலும் முன்பு போலக் குழந்தைகள் இல்லையே, இன்னும் எதற்கடி வெயிலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். என் மகனும் இதையேதான் கேட்கிறான், இன்னும் கொஞ்சம் கோபமாக. (குழந்தைகளை முகாமில் அடைப்பதை எதிர்க்கும் பாட்டிமார் குழுவில்தான் இன்னும் இருக்கிறேன். எனக்குப் பேத்தி கிடையாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், இதுவரை யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.)

2014-இல் மெல்பேர்னில் ஒரு தடுப்பு நிலையத்துக்கு மொழிபெயர்க்கப் போனேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே நடந்ததை முழுதாகச் சொன்னதில்லை. நான் கொண்டுபோன பையை வாசலில் புரட்டிப் பார்த்து, அலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, கையில் ஒரு பட்டையைக் கட்டி உள்ளே விட்டார்கள். ஒரு தாயோடு பேச வேண்டும். அவள் பையனுக்கு ஐந்து வயது இருக்கும், மேசைக்கு அடியில் உட்கார்ந்து என் செருப்பு வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தான். "உன் பேர் என்ன கண்ணா?" என்று குனிந்து கேட்டேன். மூன்று ஆங்கில எழுத்தையும் மூன்று எண்ணையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு மறுபடி வாரைப் பிடித்துக்கொண்டான். அது அவர்கள் வந்த படகுக்கும் ஆளுக்கும் போட்ட எண். தாய்தான் பதறிப்போய், "பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு" என்றாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில் குழப்பம் மட்டும்தான் இருந்தது, பேரைத்தானே சொன்னேன் என்பது போல.

அந்த வருடம்தான் மனித உரிமை ஆணையம் இதை விசாரித்தது, ஞாபகம் இருக்கிறதா? முகாம்களில் இருந்த பிள்ளைகளும் பெற்றோரும் என 1,129 பேரை நேரில் கண்டு பேசினார்கள். கடுமையான மனநலப் பாதிப்பு இருந்த பிள்ளைகள் 34 சதவீதம், வெளியே இருக்கும் ஆஸ்திரேலியப் பிள்ளைகளில் அந்த அளவு பாதிப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. அந்த அறிக்கை வந்ததும் ஆணையத்தின் தலைவர் ஜில்லியன் டிரிக்ஸைத்தான் அரசு திட்டித் தீர்த்தது. சரி, அதை விடு.

சட்டத்தைப் பற்றி நீ எழுதியதில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது. 2005-இல் மாற்றிவிட்டார்களே என்கிறாய். குழந்தையை அடைத்து வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த வருடம் சட்டத்தில் சேர்த்தார்கள், உண்மை. ஆனால் அது ஒரு கொள்கையாக உட்கார்ந்திருக்கிறதே தவிர, அதை வைத்து எந்தப் பிள்ளையும் கதவைத் திறக்க முடியவில்லை. முடிந்திருந்தால் 2013 ஜூலையில் கிட்டத்தட்ட 2,000 குழந்தைகள் உள்ளே இருந்திருப்பார்களா? அடியில் கிடப்பது 1992-இன் விதி: விசா இல்லாதவரைப் பிடித்து வைத்தே ஆக வேண்டும், விசா கிடைக்கும்வரை அல்லது நாட்டை விட்டுப் போகும்வரை. திருடனுக்காவது நீதிபதி முன்னால் நிற்க ஒரு நாள் உண்டு, இத்தனை மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. இங்கே அந்த ஐந்து வயதுக்காரனை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க ஒரு நீதிபதி இல்லை, எப்போது விடுவார்கள் என்று சொல்ல ஒரு தேதியும் இல்லை.

இப்போது பிலோவீலாவுக்கு வருகிறேன். ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது, அந்தக் குடும்பத்தைத் திருப்பிக் கேட்டு ஊர்க்காரர்கள் போராடியதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் வந்து குடும்பத்தையே அள்ளிக்கொண்டு போனார்கள், சின்ன மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. அடுத்த வருடம் ஆகஸ்டில் நாடு கடத்த விமானத்தில் ஏற்றிய பிறகு, நடு வானில் இருக்கும்போது நீதிமன்றத் தடை வந்து டார்வினில் இறங்கியது, அங்கிருந்து கிறிஸ்துமஸ் தீவு. 2021-இல் காய்ச்சல் முற்றி, ரத்தத்தில் நோய்த்தொற்றோடு அவளை உங்கள் பெர்த்துக்குக் கொண்டுவந்தபோது நீயும் மெழுகுவர்த்தியோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றாய். 2022 ஜூனில் ஊர் திரும்பிய இரண்டாம் நாளில் அவளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். ஊருக்குள் அவள் கொண்டாடிய முதல் பிறந்தநாள் அது. நான் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் சாந்தி, எப்படித் திரும்பினார்கள்? ஆட்சி மாறியது, புதிய அமைச்சர் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி விசா கொடுத்தார். அமைச்சர் மனம் வைத்தால் கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. முந்தைய அமைச்சர்களிடமும் அதே பேனாதான் இருந்தது.

அப்புறம், எனக்குள்ளேயே ஒரு உறுத்தல் உண்டு, உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நாம் எல்லோரும் என்ன சொல்லிப் பிரச்சாரம் செய்தோம்? நல்ல குடும்பம், அப்பா இறைச்சித் தொழிற்சாலையில் உழைக்கிறவர், பிள்ளைகள் குயின்ஸ்லாந்தில் பிறந்தவர்கள், ஊரே அவர்களை நேசிக்கிறது. எல்லாம் உண்மை, எல்லாம் வேலை செய்தது. செருப்பு வாரோடு விளையாடிய அந்தப் பையனுக்கு எந்த ஊரும் இல்லையே. அவன் அப்பா சிடுமூஞ்சி, அதிகாரிகளிடம் எகிறிப் பேசுகிறவர், அவர்கள் வழக்கும் பலவீனமானது. அவர்களுக்காக யாரும் மனு எழுதவில்லை. நானும் எழுதவில்லை. மொழிபெயர்த்துவிட்டு வாசலில் அலைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர்களை எங்கே மாற்றினார்கள் என்றுகூட எனக்குச் சொல்லவில்லை.

அதனால்தான் நிற்கிறேன் என்று வைத்துக்கொள். அப்பா நல்லவரா, புகலிடக் கோரிக்கை நிற்குமா என்பதெல்லாம் நடக்கட்டும், வருடக்கணக்கில்கூட நடக்கட்டும். அதுவரை பிள்ளை அப்பா அம்மாவோடு ஒரு வாடகை வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போகட்டும். அப்படிச் சமூகத்துக்குள் வைத்து வழக்கு நடத்துவது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை, ஆயிரக்கணக்கானவர்கள் முடிவு வரும்வரை கொடுக்கும் பிரிட்ஜிங் விசாவில் அப்படித்தான் இருக்கிறார்கள். பிள்ளைக்கு அதை உரிமையாக எழுதி வை என்பதுதான் கோரிக்கை.

எங்கள் எம்.பி.க்கு எழுதிய கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். டீச்சர் கையால் திருத்திக் கொடு, சிவப்பு மையைத் தாராளமாகப் பயன்படுத்து. முதல் வரியில் "நல்ல குடும்பங்கள்" என்று எழுதி நானே அடித்திருப்பது தெரியும், அந்த இடத்துக்கு வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. சனிக்கிழமை மாலை போன் செய்கிறேன், அதற்குள் பார்த்து வை.

உன்,
கமலா